கடலும் நம்மவரும்

சப்பிரகமுவ மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. 1889 ஆம் ஆண்டில் தனி மாகாணமாக வகுக்கப்பட்ட நாள்தொட்டு இரத்தினபுரி, கேகாலை என்னும் அதன் இரு மாவட்டங்களும் நாற்புறமும் நிலத்தாற் சூழப்பட்டே இருந்து வருகின்றன. ஆயினும் இம்மாகாணத்து நீரெல்லாம் கடலைத் தேடியே ஓடுகின்றது. சிவனொளிபாத மலைச்சாரலிலே தோன்றும் களுகங்கை, இரத்தினபுரியைத் தழுவிச் சென்று களுத்துறையிற் கடலோடு கலக்கின்றது. அம்மலைத் தொடரிலேயே பிறக்கும் களனி கங்கை, கித்துல்கலையையும் எட்டியாந்தோட்டையையும் கடந்து கொழும்பு முகத்துவாரத்தை அடைகின்றது. மாவனல்லை வழியாக வரும் மகா ஓயா, நீர்கொழும்புக்கு வடக்கே கொச்சிக்கடையை அடுத்துக் கடல் புகுகின்றது. பலாங்கொடைப் பக்கத்து மலைநீரை வாங்கிக்கொள்ளும் வளவை கங்கை தெற்கே அம்பலாந்தோட்டைக்குப் போகின்றது. தோட்டத்திலே பெய்த மழை சில நாட்களிற் கடலைக் கண்டுவிடுகின்றது. தோட்டத்திலே பிறந்தவரோ அறுபது வயது கடந்தும் கடலைக் காணாதிருத்தல் உண்டு.

விழா மலருக்கு எழுதப் புகுவோர் பெரும்பாலும் கல்லூரியின் கட்டடங்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் விளையாட்டுக் கிண்ணங்களையும் பற்றி எழுதுவர். அவை எழுதத் தக்கனவே. குடும்பத்தோடு ஒரு நாள் கடற்கரைக்குச் சென்று வருதல் என்னும் பொருளை நாம் எடுத்துக்கொண்டமை சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அது பார்வைக்குச் சிறு பொருளேயாயினும் நம் மக்களின் வாழ்விற் சிறிதன்று என்பது நம் கருத்து. நம் பழைய மாணவருட் பலர் இன்று கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் உத்தியோகம் பார்க்கின்றனர். அவர்களுட் சிலருக்குக் கடல் சன்னலைத் திறந்தால் தெரியும் காட்சியாகிவிட்டது. அவர்கள்தாம் இக்கட்டுரையை முதலிற் படிக்க வேண்டுமென விரும்புகின்றோம்.

தூரத்தைக் கணக்கிட்டால் அது பெரிதன்று. இரத்தினபுரியிலிருந்து பாணந்துறைக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர். கேகாலையிலிருந்து கொழும்புக்கு 80 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. முன்னாளில் றெயில் வண்டியும் இருந்தது. களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை 1912 இல் இரத்தினபுரி வரை நீட்டப்பட்டது. 1970களில் அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி மூடப்பட்டது. அந்தச் சிறிய வண்டி பெரும்பாலும் றப்பரையும் தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டு செல்லவே ஓடிற்று. தோட்டத்துப் பொருள் தவறாமற் கடலைக் கண்டது. அதை விளைத்தவர் கண்டது அருமை.

நம்மவருக்குத் தடையாக நிற்பது நாள். தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் என்பதை யாவரும் அறிவர். ஒரு நாள் வேலைக்குப் போகாவிடில் அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாவிடில் ஊதியமில்லை. அவ்வூதியமுங்கூட 2021 இலேதான் 1000 ரூபாவை எட்டிற்று. 2024 இல் 1350 ரூபாவாயிற்று. றப்பர்த் தோட்டமாயின் வானமும் உடன்பட வேண்டும். விடியற்காலத்தில் மழை பெய்து பட்டை நனைந்திருந்தாற் பால் வெட்ட இயலாது. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. ஆகவே வெயில் எறிக்கும் நாளொன்று வாய்த்தால் அது பால் வாளியைத் தூக்குவதற்குரிய நாளேயன்றி உல்லாசப் பயணத்துக்குரிய நாளன்று என்பது வீட்டுத் தலைவியின் கணக்கு. அக்கணக்கிற் பிழை காண நமக்கு வாயில்லை. ஞாயிற்றுக்கிழமையையோ போயா நாளையோ பார்த்து, சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தைக் கொண்டு வாகனம் பேசி, ஒரு லயத்துக் குடும்பங்கள் ஒன்றாய்ப் புறப்படுவதென்றால், அதற்குப் பின்னால் எத்தனை மாதத்துச் சிக்கனம் நிற்கின்றது என்பதை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

அவ்வாறு புறப்படும் பயணத்தைப் பலமுறை நாம் கண்டிருக்கின்றோம். இரவு இரண்டு மணிக்கே லயத்தில் விளக்கெரியும். புளிச்சோறும் ரொட்டியும் இடிசம்பலும் அவித்த முட்டையும் கட்டாகும். கோயிலின் முன் தேங்காய் உடைத்துச் சூடம் கொளுத்தி வண்டி ஏறுவர். அவிசாவளை வருமுன்னரே பாதிப் பேர் வாந்தியெடுத்துச் சோர்ந்திருப்பர். மலைப்பாதையின் வளைவுகள் அப்படிப்பட்டவை. பிறகு காலிமுகத் திடலிலோ கல்கிசையிலோ பாணந்துறையிலோ வண்டி நிற்கும். பிள்ளைகள் ஓடுவார்கள், பெரியவர்கள் ஓடமாட்டார்கள். முதன்முதற் கடலைக் காணும் அம்மாயியோ அப்பாயியோ சற்று எட்டவே நின்று, கோயிற் கொடிமரத்தின் முன் நிற்பதுபோற் கைகூப்பி, பின்னர் மெல்ல இறங்கி, ஒரு கை நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வதை எவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அந்நீரை நாவில் வைத்துப் பார்த்து உப்பென்று அறிந்து சிரிப்பதையும் நாம் கண்டதுண்டு. ‘இவ்வளவு தண்ணியும் எங்கே போகுது?’ என்று பேரப்பிள்ளை கேட்க, ‘எங்கேயும் போகல்ல, இங்கேதான் இருக்குது’ என்று பாட்டன் மறுமொழி கூறுவதற்குமேல் வேதாந்தம் நமக்குத் தெரியாது.

புத்துணர்ச்சி என்னுஞ் சொல்லை இன்று விளம்பரக்காரர் வாங்கிக்கொண்டுவிட்டனர். நம்மவர் திறத்தில் அதன் பொருள் யாதெனிற் கூறுவோம். தோட்டத்தில் வாழ்பவரின் கண் எப்பொழுதும் அண்மையிலேயே தங்குகின்றது. எதிரே மலைச்சரிவு, இடுப்பளவிற் செடி, முதுகிலே கூடை, மாலையிற் கொழுந்து நிறுக்கும் தராசின் முள். வீடு திரும்பினாற் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையின் சுவர். இவ்வளவே கண்ணின் எல்லை. கடற்கரையிலே அக்கண்ணுக்கு முதன்முறையாகத் தொலைவு கிடைக்கின்றது. அன்றியும், தோட்டத்திற் குடும்பம் என்பது இரவிலே மட்டும் ஒன்று சேர்வது. தகப்பன் ஒரு மலையில், தாய் மற்றொரு மலையில், கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவில், மூத்தவர்கள் பள்ளியில் என்று பகலெல்லாம் சிதறிக் கிடப்பர். கடற்கரையிலே ஒரு பகல் முழுதும் அவர்கள் ஒருவரையொருவர் வெயிலில் வைத்துப் பார்த்துக்கொள்கின்றனர். ஆண்டு முழுவதும் அதிகம் பேசாத தகப்பன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அலை வரும்போது பின்வாங்கியும் போகும்போது துரத்தியும் விளையாடுவதைப் பிள்ளைகள் அன்றுதான் காண்கின்றனர். தங்கள் தகப்பனும் ஒரு காலத்திற் சிறு பையனாக இருந்தவன் என்னும் உண்மை அவர்களுக்கு அன்று விளங்குகின்றது. அடுத்த நாட் பெரட்டுக்கு அவன் போகும்போது அந்நினைவு வீட்டிலே தங்கியிருக்கும்.

நிற்க. இயற்கையின் முன் மனிதன் பணிவு கற்கிறான் என்று எழுதுதல் வழக்கமாகிவிட்டது. கடலின் பரப்பைக் கண்டதும் ‘நான்’ என்னும் முனைப்பு அடங்குகின்றது என்பர். இவ்வுரை நம் மக்களுக்கு அப்படியே பொருந்துமா என்பதைச் சற்று நின்று ஆராய்தல் வேண்டும். துரையின் குதிரையோ மோட்டாரோ வருங்கால் தலைத்துண்டை இறக்கி வழியோரம் ஒதுங்கி நின்றவர் நம் பாட்டன்மார். கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் குனிந்தே நிற்கப் பழக்கப்பட்டவர் நம் பெற்றோர். அவர்களுக்குப் பணிவைப் பற்றி உபதேசம் செய்தல், பட்டினி கிடந்தவனுக்கு நோன்பின் பெருமையை எடுத்துரைத்தல் போலாகும்.

தாழ்வு வேறு, பணிவு வேறு என்பதை நாம் பிரித்துணர்தல் வேண்டும். தாழ்வு பிறர் நம்மேற் சுமத்துவது. அதிலே ஒருவன் குனிய மற்றொருவன் நிமிர்ந்து நிற்பான். கடலின் முன் அவ்வாறு நிமிர்ந்து நிற்பவன் எவனுமில்லை. அங்கே பங்களாவில் வாழ்பவரும் லயத்தில் வாழ்பவரும் ஒரே அளவினர். அலை இருவரையும் ஒரே வகையாக நனைக்கும், கால் வழுகினால் இருவரையும் ஒரே வகையாக இழுக்கும். தன்னை எவரும் தாழ்த்தாத ஓரிடத்திலே தானாக ஒருவர் தலை வணங்குகின்றார் என்றால், அந்த வணக்கம் அவருக்கு ஓர் உயர்ச்சியே. நம் அப்பாயி கடலைக் கும்பிடுகையில் அவர் முகத்திலே தோன்றும் ஒளி, சம்பள மேசையின் முன் நிற்கையில் ஒருநாளும் தோன்றியதில்லை. ஆகவே கடல் நம்மவருக்குப் பணிவைக் கற்பிக்கின்றது என்று சொல்வதைவிட, அவர்கள் நெடுங்காலமாகச் சுமந்துவந்த பணிவை அவமானத்தினின்றும் பிரித்து அவர்களுக்கே திருப்பித் தருகின்றது என்று சொல்வது தகும்.

இனிக் கடல் நம்மவருக்கு வெறும் பொழுதுபோக்கிடமாக இருக்க இயலாமைக்கு மற்றுமொரு காரணமுண்டு. தொல்காப்பியர் குறிஞ்சிக்குப் புணர்தலையும் நெய்தலுக்கு இரங்கலையும் உரிப்பொருளாக வைத்தார். மலையில் வாழும் நம் மக்களின் வரலாற்றிலும் கடல் இரங்கலுக்கு உரியதாகவே இருந்து வந்திருக்கின்றது. காப்பிக் காலத்திலே திருச்சிராப்பள்ளி, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் முதலாய பகுதிகளிலிருந்து புறப்பட்டவர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே கால்நடையாக மலைநாட்டுக்கு நடந்தனர். வழியிலே வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டவர் தொகை பெரிது. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்தும் இரு கரையிலும் றெயிலும் இணைந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் றப்பர் பரவிய காலத்தில் நம் மாகாணத்துத் தோட்டங்களுக்கு வந்தவர் பலருக்கு, மண்டபத்து முகாமும் அக்கப்பலுமே கடலைப் பற்றிய முதலும் முடிவுமான நினைவாயிருந்தன.

அதன் பின்னர் கடல் திரும்பவும் வாய் திறந்தது. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர்த் தீர்மானிப்பதென்றும் முடிவாயிற்று. அந்த எஞ்சியவரையும் 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டன. ஒப்பந்தம் எழுதியோர் கேட்காதது ஒன்றே: எவர் எங்கே இருக்க விரும்புகின்றனர் என்பது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தமையால், பின்னர் இராமேசுவரத்துக்கே கப்பல் சென்றது. 1980களிற் போர் காரணமாக அதுவும் நின்றுபோகும் வரை, அண்ணன் ஒரு கரையிலும் தம்பி மறு கரையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. ஒரு லயத்திலே நான்கு வீடுகள் காலியாகி ஐந்தாம் வீடு மட்டும் எஞ்சியிருந்த தோட்டங்கள் நம் மாகாணத்திலும் இருந்தன. காலிமுகத் திடலிலே ஒரு முதியவர் மேற்கு நோக்கி நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருப்பாராயின், அவர் சூரிய அத்தமனத்தைத்தான் பார்க்கின்றார் என்று நாம் முடிவு கட்டிவிடலாகாது. இந்தியா அங்கே நேர் மேற்கில் இல்லை என்று பூகோளம் படித்த பேரன் திருத்துவான். அவர் பார்ப்பது அவன் படித்த தேசப்படத்தில் இல்லை.

ஆயினும் கதை அங்கே நின்றுவிடவில்லை. 2023 ஆம் ஆண்டு, மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, யூலை மாத இறுதியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று நிகழ்ந்தது. முன்னோர் நடந்த வழியிலே பேரரும் பேத்தியரும் தம் விருப்பத்தோடு நடந்தனர். அந்நடை தொடங்கியதும் கடற்கரையிலேயே. துன்பத்தின் வாயிலாக இருந்த கரையை உறவின் கரையாக மாற்றிக்கொள்ள இயலும் என்பதற்கு அதனினும் நல்ல சான்று வேண்டா. குறிஞ்சிக் கடவுளாகிய முருகனே திருச்செந்தூரிற் கடலோரத்தை இருப்பிடமாகக் கொண்டிருப்பதை நம்மவர் மறந்ததில்லை. அக்கோயிலின் வாசலிற் புரளும் மன்னார் வளைகுடாவின் மறுகரையே தலைமன்னார்ப் பக்கம்.

இயற்கையைப் புகழ்ந்து எழுதுவோர் அதன் கொடுமையை மறைத்துவிடுதல் நேர்மையன்று. நம் மாகாணத்தார்க்கு அதனை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2003 மே மாதத்திலே இரத்தினபுரி வெள்ளத்திலும் மண்சரிவிலும் சிக்கியது. 2016 மே 17 ஆம் நாள் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலே சாமசர மலை சரிந்து ஊர்களையே மூடிற்று. அதே நாளிற் புளத்கொஹுபிட்டியப் பகுதியிலும் மண் சரிந்து தோட்டத்துக் குடும்பங்களை வாரிக்கொண்டது. கடலோ 2004 டிசம்பர் 26 ஆம் நாட் காலையில், இந்நாட்டிலே மட்டும் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. பெரலியவில் றெயில் வண்டியொன்றையே புரட்டியது. மழைக்காலத்து இரவுகளிலே மலையின் ஓசையைக் கேட்டுக்கொண்டு உறங்காதிருக்கும் தாய்மார், கடற்கரையார் படும் அச்சத்தை எளிதில் உணர்வர். சுனாமிக்குப் பின் முதன்முறை கடலைக் காணச் சென்ற குடும்பங்களில், பெண்கள் கால் நனைக்குமுன் ஒரு பிடி பூவைத் தண்ணீரில் இட்டுக் கும்பிட்டதைக் கண்டோம். செத்தவர்களை அவர்களுக்குத் தெரியாது, சாவைத் தெரியும்.

இனி நம் பழைய மாணவரைப் பற்றிய ஒரு கருத்தை வெளிப்படையாகவே கூறுவோம். கல்வி நம்மை உயர்த்தியது. அவ்வுயர்ச்சியிலே சிலருக்கு ஒரு கூச்சமும் உடன் வந்துவிட்டது. உத்தியோகம் பெற்று, மணம் முடித்து, கடற்கரை ஓட்டல்களிலே அறை எடுத்துத் தங்கும் நிலை வந்த பின்னர், அவர்கள் தம் மனைவி மக்களை அழைத்துச் செல்கின்றனர். தாய் தந்தையரை அழைத்துச் செல்வதில்லை. காரணம் கேட்டால், ‘அம்மாவுக்கு அதெல்லாம் பழக்கமில்லை’ என்பர். பழக்கமில்லை என்பது மெய்யே. சேலையோடு கடலில் இறங்குவார். ஓட்டலில் விற்கும் உணவின் விலையைக் கேட்டு உரக்க வியப்பார். பிள்ளைக்குக் கட்டிவந்த சோற்றை மணலிலேயே விரிப்பார். இதிலே நாணுதற்கு யாதுமில்லை. கடலைப் பார்க்கும் முறை ஒன்றை அறிந்தவர் அக்குடும்பத்தில் ஒருவர் உண்டெனின் அவர் அந்தத் தாயே. நீச்சற் குளத்தின் ஓரத்தில் அமர்ந்து கைத்தொலைபேசியிற் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருக்கும் மகனுக்குப் பின்னால் அதே கடல் பகல் முழுதும் ஒலித்துக்கொண்டிருந்தது. அவன் அதற்கு முதுகைக் காட்டியே இருந்தான். மேலே நாம் கூறிய பணிவு எவருக்குத் தேவை என்பது இதனால் விளங்கும்.

இளைஞர் கூடிச் செல்லும் பயணங்களிலும் குறையுண்டு. வண்டியில் ஏறியது முதல் இறங்கும் வரை காது செவிடுபட ஒலிபெருக்கி, கரையிலே போத்தல். மதுவருந்திவிட்டுக் கடலில் இறங்குவதன் விளைவை ஆண்டுதோறும் செய்தித்தாள்கள் கூறிவருகின்றன. திரும்புகையிற் சோற்றுக்கட்டின் பொலித்தீன் மணலிலே கிடக்கும். தோட்டத்து ஓடையில் நாம் எறியும் உரப்பையும் பொலித்தீனும் அதே களுகங்கை வழியாகவே களுத்துறைக்கு வந்து சேர்கின்றன என்பதை எண்ணினால், நம் குப்பை நமக்கு முன்னரே கடற்கரைக்குச் சுற்றுலா வந்திருக்கின்றது எனலாம். 2021 இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்னுங் கப்பல் தீப்பற்றி மூழ்கியபோது, மேற்குக் கரையிற் பனித்துளிபோற் பிளாத்திக்கு மணிகள் ஒதுங்கின. அப்பெருங்கேட்டுக்குக் கப்பற்காரரைக் குறை கூறுவது நியாயமே. ஓடையிலே எறிந்த நம் சிறு கேட்டுக்கு நாமே பொறுப்பு.

காலிமுகத் திடலிலே ஒரு கல்வெட்டு உண்டு. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856 இற் தொடங்கி 1859 இல் முடித்த உலாவீதியைக் கொழும்பு நகரத்து மாதரினதும் குழந்தைகளினதும் நலங்கருதிப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரை அவர் வேண்டிக்கொண்டதை அக்கல் தெரிவிக்கின்றது. நல்ல வேண்டுகோளே. அதே ஆண்டுகளிற்றான் காப்பித் தோட்டங்களுக்கென மன்னார் வழியே நம் மாதரும் குழந்தைகளும் நடந்துகொண்டிருந்தனர். அவர்களுக்கென எவரும் கல் நாட்டவில்லை. இன்று அத்திடலிலே போயா நாட்களில் மலைநாட்டு வண்டிகள் வரிசையாக நிற்பதையும், இஸ்ஸோ வடை விற்பவரிடம் நம் பிள்ளைகள் பேரம் பேசுவதையும் காண்கையில், வார்ட் துரை எண்ணாத பொருளொன்று அக்கல்லுக்குச் சேர்ந்திருப்பதாகத் தோன்றுகின்றது. வடக்குப் பக்கத்திலே துறைமுக நகருக்கென 269 எக்டேயர் கடல் நிலமாக்கப்பட்டுவிட்டமையால், அத்திசையில் முன்னிருந்த தொடுவானம் மறைந்துவிட்டது. முதன்முறை கடலைக் காண வருவோர் தெற்கே கல்கிசைக்கோ பாணந்துறைக்கோ செல்வது நன்று.

செல்வோர் காலமறிந்து செல்லுதல் வேண்டும். மேற்குக் கரையிலும் தென்மேற்குக் கரையிலும் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்றாற் கடல் கொந்தளித்திருக்கும். வெசாக், பொசொன் விடுமுறைகளும் ஓகத்து விடுமுறையும் இக்காலத்திலேயே வருகின்றன என்பது நம்மவரின் கெடுவாய்ப்பு. அலை ஓய்ந்து காணும் இடமே பாதுகாப்பான இடம் என்று மலைநாட்டுப் பிள்ளை நினைப்பான்; கரையேறிய நீர் முழுவதும் கூடிக் கடலுக்குத் திரும்பும் இழுவை பல வேளைகளில் அங்கேதான் இருக்கும். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி நேரே நீந்தி இளைத்துவிடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையை விட்டு விலக வேண்டும். நீந்த அறியாதவர் முழங்காலளவு நீரோடு நின்றுவிட வேண்டும். நம் பிள்ளைகளிற் பெரும்பாலோர் நீந்த அறியாதவர். ஆற்றங்கரையிற் பிறந்தும் நீந்த அறியாதிருப்பது நம் பள்ளிகள் சிந்திக்க வேண்டிய விடயம். விளையாட்டு ஆசிரியர்கள் இதனைக் கருத்திற் கொள்வார்களாக.

கல்லூரியின் விழாவையொட்டிப் பழைய மாணவர் சங்கத்தார் கொழும்பிலே இராப்போசன விருந்தொன்று வைப்பது இத்தகைய ஆண்டுகளில் வழக்கம். அதனை நிறுத்துமாறு நாம் கூறவில்லை. அவ்விருந்துக்கு ஆகும் செலவிலே ஒரு பங்கைக் கொண்டு, தைப்பொங்கலை அடுத்து வரும் போயா நாளொன்றில், கடல் அமைந்திருக்குங் காலத்தில், இதுவரை கடலைக் காணாத பெற்றோரையும் பாட்டன் பாட்டிமாரையும் அவர்களுடைய பிள்ளைகளோடு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தல் கூடும். இறக்குவானைப் பக்கத்திலிருந்து ஒரு பஸ், தெரணியகலைப் பக்கத்திலிருந்து ஒரு பஸ், கேகாலையிலிருந்து ஒரு பஸ் என மூன்று போதும். ஒவ்வொரு வண்டியிலும் நீந்தத் தெரிந்த பழைய மாணவர் நால்வர் செல்ல வேண்டும். ஒலிபெருக்கி வேண்டா. குப்பையைத் திரும்பக் கொண்டுவரச் சாக்குகள் இரண்டு வேண்டும். முன்வரிசை இருக்கைகள் முதியோருக்கு. மலைப்பாதையிலே பின்னால் அமர்ந்தால் அவர்களுக்குத் தலை சுற்றும். எலுமிச்சம்பழம் மறவாமல் எடுத்துச் செல்க.